விறகான மரம் நாற்காலியான கதை

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்த ரப்பர் மரத்தை மறுநடவுக்காகச் சாய்த்தால் அது என்னவாகும்? முற்காலத்தில் லயத்து அடுப்புக்கும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக் கொட்டகைக்கும் விறகாயிற்று. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும் மரமல்லவா? மருந்தேற்றிப் பக்குவப்படுத்தும் முறை வந்த பிறகே அது நாற்காலியாகவும் மேசையாகவும் கடல் கடந்தது.

மருந்து மட்டும் போதுமா? போதாது. வாங்கும் நாட்டின் வாசலும் திறக்க வேண்டும். அந்த வாசலில் நிற்கும் காவல்தான் சுங்க வரி.

1970களில் ஜப்பான், அறுக்காத மரக்கட்டையை வரியில்லாமல் வாங்கியது; ஒட்டுப்பலகைக்கோ வரி விதித்தது. ஆகவே நம் வட்டாரக் காட்டு மரம் கட்டையாகவே கப்பலேறியது. மரத்தோடு அறுப்பு வேலையும் அதன் கூலியும் சேர்ந்தே போயின. நெல்லை மலிவாக விற்றுவிட்டு அரிசியை விலை கொடுத்து வாங்குவது போன்றதுதான் இது.

இதைத் தடுக்கத் தீபகற்ப மலேசியா 1972-இல் சில வகை மரக்கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. 1985-இல் முழுவதையும் நிறுத்தியது. இந்தோனேசியாவும் அதே ஆண்டில் தடை விதித்தது. அங்கே ஒட்டுப்பலகை ஆலைகள் பெருகின. ஆனால் உள்நாட்டில் கட்டை மலிந்ததால், மரம் வீணாவதும் பெருகியது. ஆலை பிழைத்தாலும் காடு தானாகப் பிழைத்துவிடவில்லை.

அடுத்து வந்தது தடையில்லா வாணிபம். 1992 ஜனவரியில் ஆறு ஆசியான் நாடுகள் சிங்கப்பூரில் கூடி, தங்களுக்குள் வரியைக் குறைக்க ஒப்பந்தம் செய்தன. 2010-க்குள் பெரும்பாலான பொருள்களுக்கு வரியே இல்லாமல் செய்தன. சீனாவோடும் அதே ஆண்டில் பெரும்பாலான பொருள்களுக்கு வரி நீங்கியது. செய்து முடித்த பொருளுக்கு வாசல் திறந்தது நல்லதே.

ஆனால் தடையில்லா வாணிபம் இருபுறமும் வெட்டும் கத்தி. இறக்குமதி வரியைக் குறைக்கச் சொல்லும் அதே கொள்கை, ஏற்றுமதித் தடையையும் நீக்கச் சொல்கிறது. 1998-இல் பணமுடையில் சிக்கிய இந்தோனேசியா, அனைத்துலகப் பண நிதியத்தின் நிபந்தனைக்கு இணங்கி, மரக்கட்டை மீதிருந்த கனத்த ஏற்றுமதி வரியைக் குறைத்தது. 2001-இல் மீண்டும் தடை போட்டது. பெரிய நாடுகள் மட்டும் வேறா? 1994-இல் நடப்புக்கு வந்த வட அமெரிக்க ஒப்பந்தத்தில், அமெரிக்காவும் கனடாவும் தத்தம் மரக்கட்டை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு விலக்கு எழுதி வைத்துக்கொண்டன!

மலேசியாவும் 2017 ஜூலையில், அறுத்த ரப்பர் பலகையின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மேசை நாற்காலி செய்யும் ஆலைகளுக்கே பலகை போதாமற்போனதுதான் காரணம்.

ஆகவே நேயர்களே, ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிச் செய்தி வரும்போது, “வரி எவ்வளவு குறைந்தது?” என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. மரம் எந்த உருவில் நாட்டை விட்டுப் போகிறது? வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டார்களா? அதை இழைத்த கைக்குக் கூலி எவ்வளவு? இம்மூன்றையும் கேட்கக் கற்றுக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம். பால் சீவிய கைகளுக்கு அந்த மரத்தின் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.