நெய்வேலியில் கேட்ட ஸ்வீடன் பாட்டு

1992ஆம் ஆண்டில் இரண்டு முதல் ஆல்பங்கள் வந்தன. ஆகஸ்ட் 15 அன்று திரைக்கு வந்த 'ரோஜா' ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படம். நவம்பரில் டென்மார்க்கின் மெகா ரெக்கார்ட்ஸ் 'ஹேப்பி நேஷன்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதைப் பாடிய நால்வரும் ஸ்வீடன்காரர்கள், கோதன்பர்க் நகரத்தவர்கள். குழுவின் பெயர் ஏஸ் ஆஃப் பேஸ். சொந்த நாட்டுக் கம்பெனிகள் கைவிரித்துவிட்டதால் பக்கத்து நாட்டுக்குப் போய் ஆல்பம் போட்டவர்கள். நான் எழுத வந்தது இந்த இரண்டாவது ஆல்பத்தைப் பற்றித்தான். ஆனால் முதலாவதை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. ஏன்னா எங்க ஊர்ல ரெண்டையும் ஒரே டேப் ரெக்கார்டர்லதான் கேட்டோம், ரெண்டுக்கும் ஒரே திட்டுதான் விழுந்துச்சு.

எங்க ஊர் என்றால் நெய்வேலி. ஐரோப்பா எங்களுக்குப் புதுசு இல்லை. 1956இல் என்.எல்.சி. தொடங்கியது, 1962இல் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கியது. சுரங்கத்தில் மண்ணை வெட்டும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மன் தொழில்நுட்பத்தில் வந்தவை. ஆக, வடக்கு ஐரோப்பாவின் இரும்பு எங்கள் வீடுகளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. பாட்டு மட்டும்தான் வரவில்லை.

அதற்குக் கேபிள் வர வேண்டியிருந்தது. 1991இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி ஒளிபரப்பைத் தொடங்க, அதோடு சேர்ந்து எம்.டி.வி.யும் வந்தது. 1994இல் அந்த இடத்துக்குச் சேனல் வி வந்தது. எங்கள் ப்ளாக்கில் கேபிள் இழுத்தபோது எனக்குப் பதிமூன்று வயது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்ப்பதற்காக வீட்டுப் பாடத்தை முன்கூட்டியே முடித்து வைக்கும் பிள்ளைகள் நாங்கள். திடீரென்று ராத்திரி பகலாகப் பாட்டு. அதில் மணிக்கு ஒரு தடவையாவது இரண்டு ஸ்வீடன் பெண்கள் வந்து, சிரிக்காமல், அலட்டிக்கொள்ளாமல் பாடிவிட்டுப் போவார்கள். அந்த அலட்டிக்கொள்ளாமை பிடித்துப்போய்தான் பலர் மந்தாரக்குப்பத்துக்குச் சைக்கிளை மிதித்தார்கள். அங்கே ரெக்கார்டிங் சென்டரில் சீட்டில் பாட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தால், காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். ஏ சைடில் 'ரோஜா', பி சைடில் ஏஸ் ஆஃப் பேஸ் என்று ஒரு கேசட் எங்கள் தெருவில் பல வீடு சுற்றியது.

திட்டு என்று சொன்னேன் அல்லவா. "கம்ப்யூட்டர் மியூசிக்." அதுதான் அந்தத் திட்டு. மிருதங்கம் தெரிந்த பக்கத்து வீட்டு மாமா 'ரோஜா'வுக்கும் அதைத்தான் சொன்னார், ஸ்வீடன் பாட்டுக்கும் அதைத்தான் சொன்னார். "ஆள் வாசிச்சா ஒரு தட்டு கொஞ்சம் முன்னப் பின்ன விழும்யா. இதுல விழவே மாட்டேங்குதே" என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. சீக்வென்சரில் போட்ட தாளம் மனிதக் கை போல நழுவாது. ஆனால் அவர் அதையே குறையாகக் கேட்டார். கன்வேயர் பராமரிப்பில் வேலை பார்த்த இன்னொரு பக்கத்து வீட்டு அண்ணன் அதையே வேறு மாதிரிக் கேட்டார்.

நிலக்கரியைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். அதன் அடியில் ஆயிரக்கணக்கான உருளைகள், ஒவ்வொன்றிலும் பேரிங். அண்ணனின் வேலையில் பாதி, காதால் செய்வது. ஒரே சீராக ஓடினால் நல்லது, சத்தம் எங்காவது மாறினால் ஒரு பேரிங் சாகப்போகிறது என்று அர்த்தம். முதல் தடவை 'ஆல் தட் ஷி வான்ட்ஸ்' கேட்டுவிட்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "நல்லா ஓடுதுடா." ஒரு பாட்டைப் பற்றி இப்படி ஒரு விமர்சனத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. கோதன்பர்க் என்ற பெயரைக் கேட்டதும் அவர்தான் எஸ்.கே.எஃப். பேரிங் அந்த ஊர்க் கம்பெனி என்றார். உண்மைதான், 1907இல் அங்கே ஆரம்பித்த கம்பெனி அது. வால்வோவும் அந்த ஊர்தான். ஏஸ் ஆஃப் பேஸ் நால்வரும் ஒத்திகை பார்த்தது ஒரு கார் ரிப்பேர் கடையின் அடித்தளத்தில். அண்ணனுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த பையன்கள் கூட்டம் ஒன்று இருந்தது. மெட்டாலிகா டி-ஷர்ட் போட்டவர்கள். "இது பொண்ணுங்க கேக்குறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மேற்கத்திய விமர்சகர்களில் பலரும் அதையேதான் கொஞ்சம் நாகரிகமாக எழுதினார்கள். இரண்டு பெண், இரண்டு ஆண், ஸ்வீடன். அப்புறம் என்ன, ஆபா குழுவின் நகல் என்று சொல்லிவிடுவது சுலபம். உணர்ச்சி இல்லை, பிளாஸ்டிக் என்றார்கள். ஆல்பம் அவர்களைக் கேட்டு விற்கவில்லை. 1993 மே மாதம் 'ஆல் தட் ஷி வான்ட்ஸ்' பிரிட்டனில் முதலிடம். அதே ஆண்டு இறுதியில் ஆல்பத்தைச் சில புதுப் பாட்டுகள் சேர்த்து 'தி சைன்' என்ற பெயரில் அமெரிக்காவில் விட்டார்கள். அந்தத் தலைப்புப் பாட்டு 1994ஆம் ஆண்டின் பில்போர்ட் வருடப் பட்டியலில் முதல் இடம்.

உணர்ச்சி இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு எங்கள் தெருவில் ஒரு பதில் இருந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி. (டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்து ஆளும் இருப்பார்கள், அத்தையா சித்தியா என்று முறை தெரியாது, அதனால் எல்லாரும் ஆன்ட்டிதான்.) அவருக்கு முதல் குழந்தை பிறந்து சில நாட்களில் இறந்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஒரு மத்தியானம் அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது, "இந்தப் பொண்ணு என்னம்மா பாடுது, ஏன் இவ்ளோ சோகமா இருக்கு?" என்று கேட்டார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த என் அக்கா, பல்லவியில் வரும் 'பேபி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, "அவங்களுக்கு இன்னொரு குழந்தை வேணுமாம் ஆன்ட்டி, வேற எதுவும் வேண்டாமாம்" என்றாள். 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணம் போட்டு எழுதிய சுவர்கள் நிறைந்த காலம். எங்க அம்மா சிரித்துவிட்டார். ஆன்ட்டி சிரிக்கவில்லை. "திரும்பப் போடு" என்றார். அப்புறம் பல நாள் வந்து கேட்டார்.

பாட்டின் 'பேபி' கைக்குழந்தை இல்லை, காதலன். ஆளை மாற்றி ஆளைத் தேடிப்போகும் ஒரு தனியான பெண்ணைப் பற்றிய பாட்டு அது. இந்தக் குழப்பம் நெய்வேலிக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளிலும் குழந்தைக்கு ஏங்கும் பாட்டு என்று நினைத்தவர்கள் ஏராளம். எழுதியவர்களுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. மெட்டில் எந்தச் சொல் வழுக்கிக்கொண்டு உட்காருகிறதோ அதுதான் அவர்களுக்குச் சரியான சொல். இது நமக்குப் பழக்கமான விஷயம்தானே? தமிழ் சினிமாவில் மெட்டு முதலில் வரும், அதற்குத் தத்தகாரம் போட்டுக் கொடுப்பார்கள், கவிஞர் அதில் சொல்லை உட்கார வைப்பார். மெட்டு முன்கூட்டியே சோகத்தைத் தீர்மானித்துவிடும். லின் பெர்க்ரென் அந்தப் பாட்டில் குரலை ஏற்றவே இல்லை, அழவும் இல்லை. சர்ச் கொயரில் பாடி வளர்ந்த குரல் அது. ஆன்ட்டி அந்தக் குரலைத்தான் கேட்டார். என் அக்காவின் மொழிபெயர்ப்பு தப்பு, ஆன்ட்டி கேட்டது சரி என்பதுதான் என் கட்சி.

அந்தப் பாட்டு பிழைத்து வந்த கதையும் ஒரு கேசட் கதை. குழு தன் டெமோவை ஸ்டாக்ஹோமில் இருந்த டென்னிஸ் பாப் என்ற தயாரிப்பாளருக்கு அனுப்பியது. டி.ஜே.யாக இருந்து தயாரிப்பாளர் ஆனவர், இயற்பெயர் டாக் வோலே. டெமோ அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேசட் அவருடைய கார் ஸ்டீரியோவில் மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்க முடியவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வேறு வழியில்லாமல் அதையே கேட்டுக் கேட்டு, கடைசியில் அதில் ஒரு பாட்டு இருக்கிறது என்று கண்டுபிடித்தார். கேசட் சிக்கி, பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டென்னிஸ் பாப் 1998இல் 35 வயதில் புற்றுநோயில் இறந்தார். அவரிடம் தொழில் கற்ற மாக்ஸ் மார்ட்டின் எழுதிய பாட்டுகளைத்தான் இன்றைக்கும் நீங்கள் ஜிம்மில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் கசப்பான பகுதி ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. நால்வரில் மூவர், யோனாஸ், லின், யென்னி, உடன்பிறந்தவர்கள். நான்காமவர் உல்ஃப் எக்பெர்க். பதின்ம வயதில் அவர் வெள்ளை இனவாத ஸ்கின்ஹெட் கும்பலோடு சேர்ந்து திரிந்தவர் என்பதை 1993இல் ஸ்வீடன் பத்திரிகை எக்ஸ்பிரசன் வெளியிட்டது. அவர் அந்தக் காலத்தை ஒத்துக்கொண்டார், தான் நிறவெறியன் இல்லை என்றும் சொன்னார். 1997இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பிறகு 'ஹேப்பி நேஷன்' என்ற தலைப்பையே சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பாட்டை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். அந்தச் சந்தேகத்துக்கு அதில் ஆதாரம் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. பழைய பாவத்தை எல்லா வரியிலும் தேடுவதும் ஒரு வகைச் சோம்பேறித்தனம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தெருதான். சுரங்கத்து வெயிலில் கறுத்த ஆட்கள் ஷிஃப்ட் முடித்து வந்து, லுங்கியோடு வராந்தாவில் உட்கார்ந்து, அந்தப் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டது.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கன்வேயர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். ரிட்டயர்மென்டுக்கு அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இடது காது அவ்வளவாகக் கேட்பதில்லை, அதனால் வலது பக்கம் உட்கார்ந்து சொன்னேன். போனில் பாட்டைப் போட்டேன். கடைசி வரைக்கும் கேட்டார்.

"யாரு, அந்தப் பொண்ணா?"

"இல்லண்ணே. கூட இருந்தவர்."

"நம்மள மாதிரி ஆளுங்க கேக்குறது அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியலண்ணே. ஆனா அப்புறம் வருத்தம் தெரிவிச்சுட்டாரு."

"எப்போ?"

"97ல."

கொஞ்ச நேரம் யோசித்தார். "நாம கேசட் பதிஞ்சது 94ல" என்றார்.