கைப்பிடியின் கதை

துவிச்சக்கர வண்டியின் வரலாற்றைக் கூறுவோர் சக்கரத்தையும் சங்கிலியையும் புகழ்வர். கைப்பிடியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால், நெடுவழி செல்வோரின் உடற்பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்குபவை உள்ளங்கைகளே. அவை தளர்ந்தால் பயணமும் தளரும்.

1817ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வொன் டிரைஸ் என்பார் ஓட்டிக் காட்டிய மரவண்டிக்கு மிதி இல்லை. காலால் நிலத்தை உந்தியே செல்லவேண்டும். எனினும், முன்கைகளைச் சாய்த்து வைப்பதற்கு மெத்தையிட்ட பலகையொன்று அதில் அமைந்திருந்தது.

1860களில் மிதியுடன் கூடிய வண்டி பாரிஸில் பரவியது. இரும்புப் பட்டையிட்ட அதன் சக்கரங்கள் கற்பாவிய தெருக்களில் உருண்டபோது, அதிர்ச்சி கைப்பிடி வழியே மேலேறியது. 'எலும்பு குலுக்கி' என்று ஆங்கிலேயர் அதற்குப் பெயரிட்டனர். அடுத்து வந்த உயர்சக்கர வண்டியிலோ வேறோர் ஆபத்து இருந்தது. வண்டி தலைகீழாய்க் கவிழும்போது, தொடைகளின் மேலாகச் செல்லும் நேரான கைப்பிடியில் கால்கள் சிக்கிக்கொள்ளும். எனவே, பின்னர் அதனை மீசைபோற் கீழ்நோக்கி வளைத்தனர். உயர்சக்கர வண்டியிலேயே தோமஸ் ஸ்டீவன்ஸ் 1884 முதல் 1886 வரை உலகைச் சுற்றி வந்தார்.

1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' வண்டி தோன்றியது. 1888இல் டன்லப் காற்றடைத்த இறப்பர் டயரை அமைத்தார். அதிர்ச்சி பெரிதும் குறைந்தது. ஆயினும், கையின் துன்பம் முற்றாக நீங்கவில்லை. 1896இல் தெஸ்தோ என்னும் பிரெஞ்சு வைத்தியர், வண்டியோட்டிகளுக்கு நேரும் கைநரம்புத் தளர்ச்சியைப் பற்றி எழுதினார். சிறுவிரற் பக்கமாக மணிக்கட்டைக் கடக்கும் நரம்பு நெடுநேரம் அழுத்தப்படின், சிறுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், பிடிப்பு வலுவிழக்கும்.

இதற்கு வழி இரண்டு. பந்தய வண்டியின் கீழ்வளைந்த கைப்பிடி காற்றின் தடையைக் குறைக்கும். கைகளுக்குப் பாரம் மிகுந்தாலும், பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்ற இடந்தரும். பின்னோக்கி வளைந்த கைப்பிடியோ உடலை நிமிர்த்திப் பாரத்தை இருக்கைக்குக் கொடுக்கும். இலங்கைத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய ஆங்கில நாட்டு வண்டிகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

எவ்வகையாயினும், அதன் அகலம் தோளின் அகலத்திற்குப் பொருந்தவேண்டும்; மணிக்கட்டு மடியாது நேராயிருத்தல் வேண்டும். வண்டி வாங்கச் செல்பவர் அதன் பளபளப்பைப் பார்க்குமுன் கைப்பிடியைச் சற்றுநேரம் பிடித்துப் பார்ப்பாராக. மரத்துப்போன விரல் தடையை இறுக்காது. தடை இறுகாத வண்டி எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.