மேஸ்திரியும் எம்-புக்கும்

போன வருடம் தை பிறந்ததும் சேலையூரில் எங்கள் வீட்டு பாத்ரூமை இடித்தார்கள். இடிக்க ஒரு நாள். திரும்பக் கட்டி முடிக்க நாலரை மாதம். பாத்ரூம், சமையலறை மேடை, மொட்டை மாடி ஒழுகல் மூன்றும் சேர்த்து மூன்றரை லட்சம் என்று பேச்சு. அப்பா தன் ரிடையர்மென்ட் பணத்திலிருந்து 2 லட்சத்தை முதல் நாளே அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டார். ரசீது கிடையாது, எழுத்து கிடையாது. "நம்ம மேஸ்திரிதானே" என்ற இரண்டு வார்த்தைதான் ஒப்பந்தம். பத்தாம் நாளிலிருந்து மேஸ்திரி போனை எடுக்கவில்லை. மூட்டு வலியுள்ள எங்கள் பாட்டி தினமும் காலையில் வாளியோடு பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த செமஸ்டரில்தான் நான் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பரீட்சைக்குத்தான் உதவியது. வீட்டுக்கு உதவவில்லை. வீடு கட்டுகிறவனோடு மனிதர்கள் காலங்காலமாக எப்படித்தான் கணக்குத் தீர்த்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல்தான் இந்தக் கட்டுரை.

ரொம்பப் பழையது பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டம். சுமார் கி.மு. 1750. கட்டிய வீடு இடிந்து விழுந்து வீட்டுக்காரன் செத்தால், கட்டியவனுக்கு மரண தண்டனை. எல்லோரும் சொல்லும் வரி இதுதான். எனக்குப் பிடித்தவை பக்கத்தில் இருக்கும் இரண்டு விதிகள். ஒன்று, கூலி: ஒரு 'சார்' பரப்புக்கு 2 ஷெக்கல் வெள்ளி. அதாவது நம்ம ஊர் 'சதுரத்துக்கு இவ்வளவு' கணக்கு அப்போதே இருந்திருக்கிறது! இன்னொன்று, சுவர் சாய்ந்தால் கட்டியவன் தன் கைக்காசைப் போட்டு அதைப் பலப்படுத்தித் தர வேண்டும்.

நம்ம பக்கம் அர்த்தசாஸ்திரம். இந்த நூல் வெளிச்சத்துக்கு வந்ததில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1905-ல் தஞ்சாவூர் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் ஓரியண்டல் நூலகத்தில் கொடுத்த ஓலைச்சுவடியிலிருந்துதான் சாமசாஸ்திரி 1909-ல் இதைப் பதிப்பித்தார். இதன் நான்காம் பாகத் தொடக்கம் முழுக்கக் கைவினைஞர்களிடமிருந்து மக்களைக் காப்பது பற்றி. காலம், இடம், வேலையின் தன்மை மூன்றையும் முன்பே பேசி வேலை செய்ய வேண்டும். 'நாள் பேசவே இல்லையே' என்று சாக்குச் சொல்லி இழுத்தடித்தால் கூலியில் கால் பங்கு போய்விடும், மேலே கூலியைப் போல இரண்டு மடங்கு அபராதம். சொன்னதற்கு மாறாகச் செய்தால் கூலியே கிடையாது, அபராதம் தனி. ஆபத்து, இயற்கைச் சீற்றம் வந்தால் மட்டும் விலக்கு. எங்கள் மேஸ்திரி சொன்ன அதே சாக்கை (“தேதி எதுவும் சொல்லலையே சார்”) இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் எழுதிவைத்து அபராதமும் போட்டிருக்கிறார். படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சரி, சென்னைக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊரின் பெரிய காண்ட்ராக்டர் தாடிகொண்ட நம்பெருமாள் செட்டியார். 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹால், எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் எல்லாம் அவர் கட்டியவை. (சேத்துப்பட்டு என்ற பெயரே அவரால் வந்தது என்று சொல்வார்கள்.) அந்தக் கட்டடங்களின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து அரசாங்கம் காண்ட்ராக்டர்களுக்கு எப்படிப் பணம் கொடுத்தது என்பதுதான் ஒரு காமர்ஸ் மாணவனுக்கு சுவாரசியம்.

வெள்ளைக்காரன் காலத்துப் பொதுப்பணித்துறை பழக்கிவிட்ட ஒரு நோட்டு உண்டு. மெஷர்மெண்ட் புக். வழக்கில் எம்-புக். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும், ஒரு தாளைக் கூடக் கிழிக்கக்கூடாது. என்ஜினியர் நேரில் வந்து டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் அளந்து எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக்கூடாது, அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரி ஒரு பகுதியைத் திரும்ப அளந்து பார்ப்பார். காண்ட்ராக்டரும் கையெழுத்துப் போடுவார். அந்த அளவை ஒப்புக்கொண்ட ரேட்டோடு பெருக்கினால் வருவதுதான் பில். சுவர் பாதி எழும்பியிருந்தால் பாதிச் சுவருக்குத்தான் காசு.

இது மட்டுமா? டெண்டர் போடும்போதே முன்பணம் கட்ட வேண்டியது காண்ட்ராக்டர்! ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்து, குறித்த காலம் வரை பழுது வரவில்லை என்றால்தான் அது திரும்ப வரும். இந்த முறையிலும் ஊழல் நடக்கத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே காண்ட்ராக்டர் எப்போதும் அரசாங்கத்திடம் பணம் விட்டுவைத்திருப்பார். நம் வீட்டில் நாம் எப்போதும் மேஸ்திரியிடம் பணம் விட்டுவைத்திருக்கிறோம். வீட்டு வேலையில் வரும் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தலைகீழில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

நம் பக்கத்து வீடுகளில் எப்போதுமே இப்படி இருந்ததா? 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது, 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மனை வாங்கி மாதச் சம்பளக்காரர்கள் வீடு கட்டினார்கள். எங்கள் தாத்தாவும் அப்படித்தான் 1978-ல் கட்டினார். அப்போது சிமெண்ட் கட்டுப்பாட்டில் இருந்தது. பெர்மிட் வாங்கி மூட்டை எண்ணி எடுத்து வர வேண்டும். 1982-ல் பாதிக் கட்டுப்பாடும் 1989-ல் முழுக் கட்டுப்பாடும் நீங்கின. பெர்மிட் காலத்தில் சிமெண்ட் வீட்டுக்காரர் கையில் இருந்தது. மூட்டைகளைத் திண்ணையில் அடுக்கி தாத்தாவே காவல் படுத்தாராம். மேஸ்திரிக்கு லேபர் காண்ட்ராக்ட் மட்டும், சனிக்கிழமை சனிக்கிழமை கூலி. தட்டுப்பாடு நீங்கியதும், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற காலமும் சேர்ந்து வந்ததும், 'எல்லாம் நீங்களே பார்த்துக்கோங்க' என்று மெட்டீரியலோடு சேர்த்து விட்டுவிட்டோம். இது என் ஊகம்தான். ஆனால் எங்கள் தெருவில் கேட்ட நாலு பெரியவர்களும் இதே கதையைத்தான் சொன்னார்கள்.

இன்னொன்றும் மாறியது. மெட்ராஸ் டெரஸ் கூரையில் மர உத்திரம், அதன்மேல் செங்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், சுண்ணாம்புக் கலவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கான்கிரீட்டில் கம்பி எத்தனை, கலவை எந்த விகிதம் என்பது ஊற்றின மறுநாள் யாருக்கும் தெரியாது. பாத்ரூமில் டைல்ஸுக்கு அடியில் வாட்டர் ப்ரூஃபிங் செய்தார்களா என்பது மேஸ்திரிக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மூடும் முன் அளப்பது, மூடும் முன் பார்ப்பது என்ற எம்-புக் பழக்கம் இதனால்தான் முக்கியம். இப்போது நம் எல்லோர் கையிலும் போன் கேமரா வேறு இருக்கிறது.

மேஸ்திரி ஏன் காணாமல் போகிறார்? திருடன் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தே ஆக வேண்டும். ஹார்டுவேர் கடையில் பழைய பாக்கி. சொந்த மூலதனம் பூஜ்யம். எனவே நம்ம அட்வான்ஸ் போன சைட்டின் கடனை அடைக்கிறது. நம்ம வேலைக்குப் பணம் அடுத்த சைட்டின் அட்வான்ஸிலிருந்து வர வேண்டும். புது சைட் கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். எங்கள் மேஸ்திரி பெருங்களத்தூரில் புது வேலை பிடித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் திரும்ப ஆள் அனுப்பினார். அதாவது யாரோ ஒரு பெருங்களத்தூர்க்காரரின் பணத்தில் எங்கள் பாத்ரூம் எழும்பியது. அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1872 சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் பாடு. 55-ம் பிரிவில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நாள் முக்கியம் என்று பேசிய வேலையைத் தாமதமாக முடித்துக் கொடுக்கும்போது நாம் பேசாமல் ஏற்றுக்கொண்டால், பிறகு அந்தத் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. ஏற்கும்போதே 'கேட்பேன்' என்று அறிவிக்க வேண்டும். 74-ம் பிரிவுப்படி தாமதத்துக்கு இவ்வளவு என்று எழுதி வைத்தாலும், நியாயமான தொகைதான் கிடைக்கும். எழுதியது அதன் உச்ச வரம்பு.

சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. வீடு கட்டுவது 'சேவை'யா என்ற சண்டை 1993-ல் தீர்ந்தது. அந்த வருடம் சட்டத்திருத்தத்தில் வீட்டுக் கட்டுமானத்தைச் சேர்த்தார்கள். அதே வருடம் லக்னோ டெவலப்மெண்ட் அத்தாரிட்டி எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தத்துக்கு முன்பும் அது சேவைதான் என்றது. 2016-ல் வந்த ரெரா சட்டம் நமக்கு உதவும் என்று நினைக்காதீர்கள். அது ஃபிளாட் விற்கும் புரமோட்டர்களுக்கு. இருக்கும் வீட்டை ரிப்பேர் பார்ப்பது அதில் வராது. 2019 நுகர்வோர் சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம்: நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். தாம்பரத்துக்காரர்களுக்குச் செங்கல்பட்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

நாங்கள் போகவில்லை. எதிர் வீட்டில் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இடிந்து கிடந்த பாத்ரூமைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "எம்-புக் எங்கே சார்?" பிறகு அவரே ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்து அளந்தார். 2 லட்சம் கொடுத்ததில் நடந்த வேலை 70 ஆயிரத்துக்கு. மேஸ்திரி திரும்பி வந்த அன்று சண்டை போடவில்லை. அந்த நோட்டைக் காட்டினோம். அவரும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார். மீதி ஒன்றரை லட்சத்தில் 20 ஆயிரத்தை மழைக்காலம் முடியும் வரை பிடித்து வைப்பது, மற்றதை மெட்டீரியலாக நாங்களே வாங்கித் தருவது, கூலி அவர் பொறுப்பு என்று இரண்டு பக்கம் எழுதினோம். முடிக்க வேண்டிய தேதியும் போட்டோம். அதையும் மூன்று வாரம் தாண்டித்தான் முடித்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குக் கீழே ஒரு மூலையில் ஈரம் கசிந்தது. அப்பா தயங்கித் தயங்கிப் போன் செய்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வாசலில் நின்றார். டேங்கை நகர்த்தி, தட்டு ஓட்டைப் பெயர்த்து, மூன்று நாளில் சரி செய்தார். கார்த்திகை முழுக்க சொட்டவில்லை. மார்கழி முதல் தேதி அப்பா 20 ஆயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.