ஊழலும் கையூட்டும்

பொதுப் பணத்தைச் சுரண்டுவதும், பொருள் வாங்கிக்கொண்டு முறை தவறுவதும் இன்று ‘ஊழல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மேடையிலும் செய்தித்தாளிலும் இவ்வழக்கு வேரூன்றிவிட்டது. ஆயினும் அச்சொல்லின் பழம்பொருள் வேறு.

ஊழ்த்தல் என்பதற்கு மலர்தல், முதிர்தல், பதனழிதல் எனப் பல பொருள் உண்டு. கற்றதை விரித்துரைக்க மாட்டாதாரை மணமற்ற மலருக்கு ஒப்பிடும் 650ஆம் குறளில் இவ்வினை மலர்தலையே குறிக்கின்றது. மலர்ந்தது முதிரும்; முதிர்ந்தது அழுகும். இம்மூன்று நிலைக்கும் ஒரே வினை நின்றது வியப்பன்று. இவற்றுள் கடைசி நிலையைச் சுட்டுவதே ஊழல். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் உடைத்தலைக் குறிக்கும். அதுவும் அழுகிய பொருளுக்கு வழங்கியதே. அதற்கு நேராகத் தமிழில் ஊழல் நின்றது பொருத்தமே.

கைம்மாறாகப் பெறும் பொருளுக்கோ வேறு சொற்கள் இருந்தன. இலஞ்சம் வடமொழிவழி வந்தது. பரிதானமும் அவ்வாறே, பழைய தமிழ் விவிலியத்தில் பயின்று வந்த இச்சொல்லை இன்று பேச்சில் கேட்பது அரிது. தமிழிலேயே பிறந்தது கையூட்டு.

இக்கையூட்டு உத்தரமேரூர்க் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 921ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் அக்கல்வெட்டு, குடவோலை வழி வாரியத்துக்கு வரத் தகாதாரை வரிசைப்படுத்துகின்றது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் வரலாகாது. அவருடைய உறவினரும் வரலாகாது. கையூட்டுக் கொண்டவர் கழுவாய் செய்து தூய்மை பெற்றிருப்பினும் வாழ்நாள் முழுவதும் வரலாகாது. கணக்குக் காட்டாமை வேறு, கையூட்டுக் கொள்ளுதல் வேறு என அச்சபையார் தனித்தனியே எழுதிவைத்தனர். இன்றைய எழுத்தாளர் பலருக்கு இல்லாத கூர்மை இது.

அக்கல்வெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இச்சொல்லுக்கு விலக்கப்பட்ட உணவு என்ற பொருளும் ஐயத்தோடு காணப்படுகின்றது. அதற்கு இடந்தந்தது ‘ஊட்டு’ என்னும் பகுதியே ஆகலாம். கையால் ஊட்டுவது உணவைத்தானே? எனினும் இலஞ்சம் என்று கொள்வோரே பலர். மலாய் மொழி அறிந்தார்க்கு இப்பொருள் புதிதன்று. அங்கே ‘சுவாப்’ என்பது கையால் எடுத்து ஊட்டும் ஒரு கவளம். ‘மாக்கான் சுவாப்’ என்றால் இலஞ்சம் வாங்குதல். இரு மொழியினரும் தனித்தனியே ஒரே காட்சியைக் கண்டனர் போலும்.

ஊட்டுதல் என்றால் ஊட்டுபவன் ஒருவன், உண்பவன் ஒருவன் வேண்டும். கையூட்டு எனும்போதே இருவரும் கண்முன் நிற்பர். ஊழல் என்னும்போதோ நாற்றம் மட்டுமே தெரிகின்றது. நாறச் செய்தவன் மறைந்துவிடுகின்றான். கொடுத்தவனும் குற்றவாளியே என்பதை மாணவர்க்கு விளக்கப் புகும் ஆசிரியருக்கு எச்சொல் உதவும் என்பது வெளிப்படை.

இந்நாட்டு வழக்கிலும் இவ்வேறுபாடு ஒரே சீராக இல்லை. சிங்கப்பூரில் 1952இல் அமைந்த பிரிவு தமிழில் இலஞ்சம், ஊழல் என்ற இரு சொல்லையும் தன் பெயரில் தாங்கியுள்ளது. மலேசியாவில் 2009இல் அமைந்த ஆணையத்தின் மலாய்ப் பெயரில் உள்ள ‘ரசுவா’, இலஞ்சத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. தமிழ்ப் பெயரிலோ அவ்விடத்தில் நிற்பது ஊழல்.