குடலா, எலும்பணுவா? 1956ஆம் ஆண்டு விளக்கமும் முதிய பெண்களின் எலும்புத் தேய்வும்

கல்லீரல் நோயில் எலும்பு ஏன் மெலிகிறது என்று கேட்டால், இன்றும் முதலில் வரும் விடை 1956இல் எழுதப்பட்டதுதான். நெடுநாள் அடைப்புக் காமாலை குறித்து மைக்கேல் அட்கின்சன், நார்டின், ஷீலா ஷெர்லாக் மூவரும் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: பித்தம் குடலுக்கு வராதபோது கொழுப்பு உறிஞ்சப்படுவதில்லை; அதோடு வைட்டமின் டியும் கால்சியமும் வீணாகின்றன; எலும்பு பட்டினி கிடக்கிறது. பழுது குடலில் என்பது அவர்கள் முடிவு.

பின்வந்த உயிர்வேதியியல் இதற்கு முட்டுக் கொடுத்தது. 1969இல் பான்ஷோன், கெனன், டெலூக்கா ஆகியோர் கல்லீரல் நீக்கிய எலிகளைக் கொண்டு, வைட்டமின் டியின் முதல் மாற்றத்தில் கல்லீரலின் பங்கை நிறுவினர். உறிஞ்சுவதிலும் குறை, மாற்றுவதிலும் குறை என்றானது.

இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. நெடுநாள் அடைப்புக் காமாலையாக வெளிப்படக்கூடிய பித்தநாளச் சிரோசிஸ் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய பெண்களின் நோய். மாதவிடாய் நின்றபின் வரும் எலும்புத் தேய்வை ஃபுல்லர் ஆல்பிரைட் 1941இலேயே விளக்கிவிட்டார். அப்படியிருக்க, எலும்பு இழப்பில் எவ்வளவு நோயால், எவ்வளவு வயதால் என்று 1956இல் எப்படிப் பிரித்திருக்க முடியும்? இந்நோயின் அடையாளமான எதிர்ப்புரதம் அறியப்பட்டதே 1965இல்தான். அதுவரை அரிப்போ மஞ்சளோ தோன்றிய நாளே நோய் தொடங்கிய நாள். அதற்கு முன் ஓசையின்றிக் கழிந்த ஆண்டுகள் எத்தனை என்பது இன்றும் தீராத கணக்கு.

இங்கே பிக்கிள் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஓர் அளவீட்டில் சற்று நிற்க வேண்டும். கல்லீரலின் அந்த முதல் மாற்றத்தில் உருவாகும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டியின் பெரும்பகுதி இரத்தத்தில் ஒரு பிணைப்புப் புரதத்தைப் பற்றிக்கொண்டும், மிச்சத்தில் பெரும்பாலானது அல்புமினைப் பற்றிக்கொண்டும் ஓடுகிறது. இரு புரதங்களையும் செய்வது கல்லீரல். கல்லீரல் நலிந்தால் புரதம் குறையும். மொத்த அளவும் குறைவாகத் தெரியும். பிக்கிள் குழு கட்டற்ற பகுதியைத் தனியே அளந்தது. மொத்தம் தாழ்ந்திருந்த கல்லீரல் நோயாளிகளிடமும் அது இயல்பாகவே இருந்தது. ஆய்வகத் தாளில் குறை என்று அச்சாவது உடலுக்குள் குறையாகவே இருக்க வேண்டியதில்லை என்றாகிறது. பொதுவான கல்லீரல் நலிவில் கண்டதைப் பித்தத்தேக்கத்தின்மேல் அப்படியே ஏற்றலாமா என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் மேட்லாஃப், கேப்லன், நீர் ஆகியோர் 1982இல் பித்தநாளச் சிரோசிஸ் நோயாளிகளுக்கே 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தனர். இரத்த அளவு சீரானது. எலும்பு இழப்பு நிற்கவில்லை. நோயாளிகள் சிலரே என்பது உண்மை. இருந்தும், பட்டினிதான் காரணமென்றால் உணவிட்டதும் பலன் தெரிந்திருக்க வேண்டாமா?

எலும்பைக் கட்டும் அணுக்களே சோர்ந்துவிடுகின்றன என்பது என் தரப்பு. காமாலை நோயாளிகளின் சீரமும் பிலிருபினும் அவ்வணுக்களின் பெருக்கத்தைத் தடுப்பதை ஜேன்ஸ் குழு 1995இல் காட்டியது. அது ஆய்வகத் தட்டில் கண்டது, மனித எலும்பில் அல்ல.

இலத்தூர் போன்ற தென்காசி வட்டார ஊர்களுக்கு வந்தால் வாதம் எனக்கே சங்கடமாகிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத தென்னிந்தியாவில், மாதவிடாய் நின்ற பெண்களிடம் வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருப்பதைத் திருப்பதியில் ஹரிநாராயண் குழு 2005இல் கண்டது. இவ்வட்டாரத்தில் வீட்டு நிழலில் பீடி சுற்றியே வயதான பெண்கள் ஏராளம். இவர்களுக்குக் கல்லீரல் நோய் வரும் முன்பே குறை இருந்திருக்கக்கூடும். 1956 விளக்கத்தின் ஒரு பாதி, அதாவது வைட்டமின் டி குறை, இங்கே பொருந்தலாம். ஆனால் காரணம் குடலாக இருக்க வேண்டியதில்லை. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடும் ஊரில் எலும்பை நினைப்பவர் அரிது என்பது வேறு கதை.

இன்றைய கல்லீரல் நோயாளி பெரும்பாலும் மஞ்சளாகவும் இருப்பதில்லை. சென்னையில் மோகன் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில் 32 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. நீரிழிவு உள்ளோரிடம் 54.5 விழுக்காடு. நீரிழிவுள்ள முதிய பெண்களுக்கு எலும்பு முறிவு கூடுதல் என்பதை ஆன் ஷ்வார்ட்ஸ் குழு 2001இல் காட்டியது. இரண்டாம் வகை நீரிழிவில் எலும்பு அடர்த்தி குறையாமலேயே, சில சமயம் கூடியிருந்தும், முறிவு நேர்கிறது. கால்சியப் பட்டினியால் இதை விளக்க இயலாது. ஆகவே இவ்வூர்ப் பெண்களிடம் ஆய்வு நடக்குமானால், வைட்டமின் டியோடு அல்புமினையும், எலும்பு அடர்த்தியோடு முறிவு வரலாற்றையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். மாதவிடாய் நின்ற வயதையும் கேட்டெழுத வேண்டும்.