வெள்ளைப் பூவின் பழைய கணக்கு



போன வருடம் நம் பூங்காவை ஒட்டிய காலி மனையைச் சுத்தம் செய்தோமே, நினைவிருக்கிறதா? அந்த வேலையை மேற்பார்வை பார்த்தது அடியேன்தான். மனை முழுக்க இடுப்பளவு செடி. நுனியெல்லாம் கல்கண்டை உடைத்துத் தூவியது போல் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பார்க்க அழகாகக்கூட இருந்தது. வேலைக்கு வந்த அம்மா அதைப் பூவோடு அறுத்து, கையால் அள்ளி, வேலியோரம் குவித்தார். கையுறை வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதே உண்மை.

மூன்றாம் நாள் அவருக்கு முழங்கை வரை தடிப்பும் அரிப்பும். தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன செடியை அறுத்தீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. "வெள்ளையா சின்னப் பூ, டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதுவேதான். பார்த்தீனியம்.

நான் பி.காம். படித்தவன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் லெட்ஜரோடு வாழ்ந்தவன். தாவரவியல் எனக்குத் தூரம். ஆனால் ஒரு பதிவு எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று தேடிப் பார்ப்பது பழகிய வேலை. அப்படித் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். பார்த்தீனியம் ஓராண்டுச் செடி. முளைத்த புதிதில் இலைகள் தரையோடு தட்டையாக வட்டமாகப் படர்ந்திருக்கும். கேரட் இலை போலக் கீறிக் கீறி இருக்கும். பிறகு நடுவிலிருந்து தண்டு எழும்பும். தண்டில் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், தொட்டால் சொரசொரப்பு. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். பூ மட்டும் மிகச் சிறியது, சுமார் 4 மில்லிமீட்டர்தான். உற்றுப் பார்த்தால் ஐந்து மூலைகள் தெரியும். முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்திலேயே பூத்துவிடும். ஒரே செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கும்.

நம் தெருவில் வெள்ளைப் பூப் பூக்கும் செடி இது ஒன்று மட்டும் இல்லை. அதனால்தான் குழப்பம். கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கியது, கீறல் கிடையாது. கசக்கினால் சாறு கறுக்கும். வெட்டுக்காயப் பூண்டின் பூ நீண்ட காம்பில் தனியாக நிற்கும், நடுவில் மஞ்சள் இருக்கும். இலை ஓரம் பல் பல்லாக இருக்கும். மாசிப்பத்திரியின் இலைதான் பார்த்தீனியத்தோடு ஏமாற்றும். ஆனால் அதன் அடிப்புறம் வெளுத்திருக்கும், கசக்கினால் நல்ல வாசனை வரும். வாசனை பார்க்கிறேன் என்று தெரியாத செடியைக் கசக்க வேண்டாம். இலையைத் திருப்பிப் பார்த்தாலே போதும். அன்று அந்த அம்மா ஓரமாகக் கிடந்த கரிசலாங்கண்ணியையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டார். மருந்தும் விஷமும் ஒரே குவியலில் கிடந்தன. பிடுங்கச் சொன்னவனுக்கே வித்தியாசம் தெரியாதபோது அவரை என்ன சொல்ல?

இனி வரலாற்றுக்கு வருகிறேன். மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றிய அமெரிக்கப் பகுதிகள்தான் இந்தச் செடியின் பிறந்த வீடு. தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு நூலிலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். அது நம் ஊருக்கு எப்படி வந்தது? நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோம்: "பி.எல். 480 கோதுமையோடு அமெரிக்காக்காரன் அனுப்பினது." வடக்கே இதற்குக் 'காங்கிரஸ் புல்' என்றே பெயர். அந்தக் காலத்து ஆட்சியின் மேல் உள்ள கோபம் என்பார்கள் சிலர். வெள்ளைப் பூ வெள்ளைத் தொப்பியை நினைவுபடுத்துகிறது என்பார்கள் வேறு சிலர்.

பி.எல். 480 என்பது 1954 ஜூலை 10 அன்று அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட அமெரிக்கச் சட்டம். அதன்படி வாங்கிய கோதுமைக்கு நாம் டாலர் தர வேண்டியதில்லை, ரூபாயில் கட்டலாம். அந்த ரூபாய் இங்கேயே அமெரிக்கக் கணக்கில் மலையாகக் குவிந்தது. கடைசியில் 1974ஆம் ஆண்டு அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி நம் அரசிடம் கொடுத்தார். உலகின் மிகப் பெரிய காசோலை என்று அன்று சாதனைப் புத்தகத்தில் ஏறியது. அப்படி ஒரு காசோலையைக் கவுண்டரில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை!

விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சட்டத்தின் கீழ் இந்தியா போட்ட முதல் ஒப்பந்தத்தின் தேதி 1956 ஆகஸ்ட் 29. பார்த்தீனியமோ அதற்கு முன்பே புனே நகரின் குப்பை மேடுகளில் தலைகாட்டிவிட்டது. ஆர்.எஸ். ராவ் என்ற தாவரவியலாளர் அதை அடையாளம் கண்டு, இந்தியாவுக்குப் புதிய வரவு என்று 1956இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். அதாவது வவுச்சருக்கு முந்தைய தேதியிலேயே லெட்ஜரில் பதிவு இருக்கிறது. எந்த ஆடிட்டரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அப்படியானால் கோதுமைக்குச் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். பி.எல். 480க்கு முன்பே, 1951இல், நம் நாட்டுப் பஞ்சத்துக்காக அமெரிக்கா 19 கோடி டாலர் கடன் கொடுத்தது. அதில் 20 லட்சம் டன் தானியம் வாங்க வழி பிறந்தது. அந்தத் தானியத்தில் விதை கலந்திருக்க இடமுண்டு. ஆக, கோதுமை மேல் சந்தேகம் நிற்கிறது. 480 என்ற எண் மட்டும் கணக்கில் உட்கார மறுக்கிறது.

இன்னும் பழைய பக்கங்களைப் புரட்டினால் கதை மேலும் மாறுகிறது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் செடிகளுக்கு வில்லியம் ராக்ஸ்பர்க் தயாரித்த பட்டியல் 1814இல் வெளிவந்தது. அதிலேயே பார்த்தீனியம் இருக்கிறது. இந்திய வனத்துறையின் முதல் தலைவர் பிராண்டிஸ் 1880இல் சேகரித்த செடி ஒன்று டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் உலரவைத்துப் பாதுகாக்கப்பட்டிருப்பதாக 1978இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துச் சொன்னது. 'புதிய வரவு' என்று 1956இல் எழுதப்பட்ட செடி, அதற்கு 142 வருடம் முன்பே நம் பேரேட்டில் இருந்திருக்கிறது. தோட்டத்தில் பேர் எழுதி வைத்த செடி வேறு, தெருவில் இறங்கிப் பரவும் களை வேறு என்பது சரிதான். ஆனாலும் "இன்னார்தான் கொண்டு வந்தார்" என்று ஒருவர் மேல் மட்டும் பற்று எழுதிவிட முடியாது என்பது தெளிவு.

பிடிக்காதவர் தலையில் களையைக் கட்டுவது நமக்கு மட்டுமான பழக்கமும் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் காய்கறிப் பாத்திகளில் காலின்சோகா என்று ஒரு சின்ன வெள்ளைப் பூக்களை உண்டு. தென் அமெரிக்கச் செடி. 1796இல் பெருவிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். அது வேலி தாண்டி வெளியே போய்விட்டது. ஜெர்மனியில் அதற்குப் 'பிரெஞ்சுக்காரன் செடி' என்று பெயர். நெப்போலியன் படை கொண்டு வந்ததாம்! தோட்டத்திலிருந்து தப்பிய செடிக்குப் பகையாளி பெயர். அங்கே பிரெஞ்சுக்காரன், இங்கே காங்கிரஸ், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயரில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே செடி தன் வேலையைப் பார்த்தது. புனே வட்டாரத்தில் வயலில் வேலை செய்தவர்களின் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் தோல் நோய் வந்தது. பார்த்தீனியத்தால் வரும் தோல் ஒவ்வாமை பெருகிவரும் பிரச்சினை என்று 1974இல் மருத்துவர்கள் ஆய்வு வெளியிட்டார்கள். செடியில் உள்ள பார்த்தீனின் என்ற பொருள்தான் காரணம். இது முதல் நாளே காட்டிக்கொடுக்காது. பல முறை பட்டுப் பட்டு, ஒரு நாள் உடம்பு எதிர்க்க ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் சுலபத்தில் விடாது. நம் வேலைக்கார அம்மா எத்தனையோ மனைகளில் இதே வேலையைச் செய்தவர். எத்தனை பேர் அவரைக் கையுறை இல்லாமல் அனுப்பினார்களோ, அந்தக் கணக்கின் கடைசி வரியில் என் பெயர் இருக்கிறது.

அரசும் சும்மா இருக்கவில்லை. மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைத் தருவித்துச் சோதித்து, 1984இல் பெங்களூரில் வெளியே விட்டார்கள். வெளிர் மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகள் கொண்ட சின்ன வண்டு. பார்த்தீனிய இலையைத் தின்னும். மழைக்காலத்தில் நன்றாக வேலை செய்யும். வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய்விடும். நம் மனையில் அதைப் பார்த்தால் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். அது சம்பளம் கேட்காத ஊழியர்.

இப்போது நம் மனைக்கு வருவோம். அறுத்துக் குவித்த இடத்தில் அடுத்த மழைக்கு என்ன ஆயிற்று தெரியுமா? முன்பைவிட அடர்த்தியாக முளைத்தது. பூத்த செடியைக் குவித்து வைத்து, விதையை நாமே விதைத்துவிட்டோம். சரி, மனைக்கு அது முதலில் எப்படி வந்தது? தெருவை உயர்த்த வெளியிலிருந்து மண் அடித்தோமே, மிச்சத்தை அந்த மனையில்தான் கொட்டினோம். அடுத்த வருடமே செடி. லாரி டயர், கட்டட மணல், நர்சரி மண் என்று எதில் வேண்டுமானாலும் இந்த விதை பயணம் செய்யும். எழுபது வருடம் முன்பு கப்பலில் யார் ஏற்றினார்கள் என்று வாதாடுகிறோம். நம் வாசலில் இறக்கியவர்கள் நாமேதான்.

ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. அந்த வாரம் நாமும் அந்த மனையில் இறங்கலாம். பூக்கும் முன், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் கட்டாயம். ஏற்கெனவே தோல் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் தள்ளி நின்று டீ ஏற்பாட்டைக் கவனியுங்கள். பூத்துவிட்ட செடி இருந்தால் மேலே சாக்குப் பையைக் கவிழ்த்துப் பிடித்துப் பிடுங்கி, பையைக் கட்டிவிட வேண்டும்; உரக்குழியில் போடக் கூடாது. மாட்டுக்கும் போடாதீர்கள், பால் கசக்கும். காலியான இடத்தில் செண்டுமல்லி விதைத்தால் அது இடத்தைப் பிடித்துக்கொண்டு இதை வரவிடாது. விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்திருக்கும் என்பதால், ஒரு தடவையில் இந்தக் கணக்கு முடியாது. மூன்று நான்கு வருடம் தொடர வேண்டும்.

அந்த அம்மாவின் கை இப்போது தேவலை. ஆனால் மனை வேலைக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், நியாயம்தான். அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்: "செடி பேரு தெரிஞ்சிருந்தா நானே தொட்டிருக்க மாட்டேன், சார்."

பன்னிரண்டு ஜோடி கையுறை வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். ரசீது கேட்காதீர்கள், இது என் பழைய பாக்கி. ஆகஸ்ட் 16 காலை ஆறரை மணிக்கு மனையில் சந்திப்போம்.