முள்வேலிக்குள் முள்ளங்கி

போன ஞாயித்துக்கிழமை எங்க பால்கனித் தொட்டியில் முதல் வெண்டைக்காய் பறிச்சோம். ஒண்ணே ஒண்ணு! கடையில் கால் கிலோ வாங்கி, அதோடு சேர்த்துத்தான் பொரியல். ஆனா அம்மா, "இது நம்ம வீட்டுக் காய்"னு நாலு பேர் தட்டிலும் தேடித் தேடி ஒரு துண்டு வச்சாங்க பாருங்க, அது தனிக்கதை :) ஒத்தைக் காய்க்கு ஏன் இத்தனை சந்தோஷம்னு யோசிச்சுத்தான் வீட்டுத் தோட்டங்களின் சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா வந்தது கிழங்கு இல்லை, யுத்தம்.

இரண்டாம் உலகப்போர். பிரிட்டனுக்கு உணவு கொண்டு வந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். 1940 ஜனவரியில் ரேஷன் வந்தாச்சு. 'வெற்றிக்காகத் தோண்டு' என்று அரசாங்கம் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியது. பூந்தோட்டங்களைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டார்கள். லண்டன் டவர் கோட்டையின் அகழியில்கூட காய்கறிப் பாத்தி! கேரட் தின்னா இருட்டில் கண் தெரியும்னு நம்ம வீடுகளிலும் சொல்வாங்களே, அது அப்போது அங்கே பலமாகப் பரப்பப்பட்ட கதை. ராத்திரியில் எதிரி விமானங்களைக் காட்டிக்கொடுத்தது என்னவோ ரேடார்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை. 1943 மார்ச்சில் டப்பா உணவுக்கும் ரேஷன் வந்தது. ராணுவத்துக்கும் சாப்பாடு போகணும், தகரத்துக்கும் தட்டுப்பாடு. வீட்டுக்கு வீடு 'வெற்றித் தோட்டம்' போட்டார்கள். அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைப் புல்தரையிலேயே பாத்தி போட வைத்தார். அந்த வருஷம் சுமார் 2 கோடி தோட்டங்கள் இருந்ததாகவும், நாட்டின் காய்கறியில் 40 சதவீதம் வரை அவற்றிலிருந்து வந்ததாகவும் கணக்கு சொல்கிறார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானோர் மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டார்கள்.

இதுவரைக்கும் படிக்க ஜாலியாத்தான் இருந்தது. அதற்கப்புறம் படிச்சதுதான் மனசை என்னமோ பண்ணிடுச்சு.

அதே அமெரிக்காவில், கலிபோர்னியாவின் காய்கறி விவசாயத்தில் பெரும்பங்கு ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களுடையது. முதல் தலைமுறையினர் நிலம் வாங்கவே சட்டம் தடை போட்டிருந்ததால், பலருக்கும் குத்தகை நிலம்தான். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். விளைவு, மேற்குக் கரையில் இருந்த சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள்! குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விளைந்து நின்ற வயலை எப்படித் தூக்குவது? வண்டியையும் கருவிகளையும் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

அப்படிப்பட்ட பத்து முகாம்களில் ஒன்று மான்சனார். சியரா நெவாடா மலையடிவாரத்தில் ஒரு பாலைவெளி. தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள், பலகை இடுக்கு வழியே உள்ளே கொட்டும் புழுதி. சுற்றி முள்வேலி, காவல் கோபுரங்கள். உள்ளே 10,000 பேருக்கு மேல்.

அங்கே போய் அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, வாசலில் செடி வைத்தது. கொட்டகை ஓரத்தில் பூச்செடி, சாப்பாட்டுக்கூடம் பக்கத்தில் கல் அடுக்கிய குளம். தீ பரவாமலிருக்க விட்டிருந்த காலி இடத்தில் காய்கறிப் பாத்தி. அதற்கும் பெயர் 'வெற்றித் தோட்டம்'தான்! முகாமின் பண்ணையில் முட்டைக்கோஸ், ஜப்பானிய முள்ளங்கி எல்லாம் விளைந்தது. இன்னொன்று, மான்சனார் என்றால் ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோப்பு. தண்ணீர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குப் போய்விட்டதால் எப்போதோ கைவிடப்பட்ட ஊர் அது. மிச்சமிருந்த ஆப்பிள், பேரி மரங்களைக் கவாத்து பண்ணி, தண்ணீர் விட்டு மறுபடி காய்க்க வைத்தார்கள்.

யாருடைய வெற்றிக்காக? எனக்குத் தோன்றுவது இதுதான். வீடு, வயல், பெயர் எல்லாம் போனவனுக்கு "இது நான் வச்சது" என்று சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. முளை விடும்போது வர்ற அந்தச் சின்ன சந்தோஷத்தை எந்தக் காவல் கோபுரமும் பிடுங்க முடியவில்லை.

1945 நவம்பரில் முகாமை மூடினார்கள். 1988-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது. மண் மூடிப்போன அந்தத் தோட்டங்களைப் பிற்பாடு தொல்லியல் ஆட்கள் தோண்டி வெளியே எடுத்தார்கள்.

ஊர் வீட்டை வித்துட்டு இந்த அபார்ட்மெண்டுக்கு வந்தப்போ, அம்மா ஒரு பழைய புடவைத் துணியில் விதைகளை முடிஞ்சு கொண்டு வந்தாங்க. "இங்கே எங்கம்மா போடப் போற?"னு நான் சிரிச்சேன். அந்த மக்களோட இழப்புக்குப் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது, தெரியும். ஆனா அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது.

அடுத்த தொட்டியில் புடலை போட்டிருக்கோம். பந்தலை எங்கே கட்டுறதுன்னு அசோசியேஷன்ல கேட்கணும்.